சிவப்பு மூடிப் போத்தல்

எலி ஒன்றின் வாய்க்குள் சஞ்சீவனி எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டொக்டர் றிஸானா அந்த வெள்ளை எலியைத் துணியில் சுற்றி இடக்கையில் பிடித்திருந்தாள். வலக்கையிலிருந்த சிறு கவ்வியால் அதன் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினாள். உள்ளே உளுந்தளவுக்கு ஒரு புண் சிவந்து கிடந்தது.

"இது நானே போட்ட புண். மயக்க மருந்து குடுத்துத்தான் போட்டேன். இருபத்துநாலு எலிக்கும் ஒரே அளவு, ஒரே இடம். இன்டைக்கு அஞ்சாம் நாள்."

"எலிக்கு வாய்ப்புண்ணு வந்தா ஒரு டொக்டர், ஒரு உதவியாள், கூட்டுக்குக் காத்தாடி," என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு வந்தா எங்க வீட்ல சந்தோஷப்படுறாங்க."

குரலுக்குரியவர் முஹைதீன். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் கண்டியில் ஆட்டோ ஓட்டியவர். மூன்று வருடங்களாகச் சஞ்சீவனியின் உதவியாளர்; அவள் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றே அழைப்பாள். அவருடைய ஆட்டோதான் அலுவலக வாகனம். எலிகள் இருக்கும் அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

சஞ்சீவனி காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் பொய் நட்டஈட்டு விண்ணப்பங்களைப் பிடித்தவள். அந்த வேலை சலித்துப்போய், கண்டி நகரில் புடவைக்கடை ஒன்றின் மாடியில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டியிருந்தாள். காணாமற்போன கணவன், காணாமற்போன காணி உறுதி, ஒரு தடவை காணாமற்போன கலியாணக் கேக் வரைக்கும் தேடிக் கொடுத்திருக்கிறாள். இன்று காணாமற்போயிருப்பது ஒரு போத்தல் களிம்பு.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மேட்டுப் பக்கம் ஏறும் ஒழுங்கையில் இருந்தது அந்த ஆய்வுகூடம். மாடியில் ஆட்கள். கீழே எலிகள்.

"முதல்லேருந்து சொல்லுங்க டொக்டர்," என்றாள் சஞ்சீவனி.

றிஸானா எலியைக் கூட்டுக்குள் விட்டாள். "ரெண்டு போத்தல். ஒண்டுக்குச் சிவப்பு மூடி, மற்றதுக்கு நீல மூடி. பன்னெண்டு எலிக்குச் சிவப்பு, பன்னெண்டு எலிக்கு நீலம். காலையில எட்டு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் பூசணும். ஒரு போத்தல்ல நான் நாலு வருஷமாச் செஞ்ச வாய்ப்புண் மருந்து ஈக்கி. மற்றதுல மருந்தே இல்லாத வெறும் பசை. நிறம், வாசம் எல்லாம் ஒண்டுதான்."

"எதுல மருந்து?"

"எனக்குத் தெரியாது."

"பூசுறவருக்கு?"

"அரூஸுக்கும் தெரியாது. எழுதி உறையில போட்டு ஒட்டி ஒரு லோயர்கிட்ட குடுத்திருக்கிறம். பத்தாம் நாள் கடைசி அளவு எடுத்த பிறகுதான் திறப்போம்."

"செய்றவங்களுக்கே என்ன செய்றம்ன்டு தெரியக்கூடாது," என்றார் முஹைதீன். "இது தெரிஞ்சிருந்தா நானும் அரசாங்கக் கந்தோர் வேலைக்குப் போயிருப்பேன் மிஸ்."

றிஸானா சிரிக்கவில்லை. "தெரிஞ்சா என்ட கண்ணு பொய் சொல்லும். மருந்து போட்ட புண்ணை அளக்கக்குள்ள கொஞ்சம் சின்னதாத் தெரியும். இல்லாத புண் பெருசாத் தெரியும். எல்லா மனுசருக்கும் அப்படித்தான்."

அன்று காலை எட்டு மணிக்கு இரண்டு போத்தல்களும் இருந்தன. அரூஸ் பூசிவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினான். பத்து மணிக்குத் திறந்தபோது நீலம் மட்டும் நின்றது. பூட்டு உடையவில்லை. மூன்று பேரிடம் சாவி இருந்தது: றிஸானா, அரூஸ், எலிகளைப் பராமரிக்கும் ராஜலிங்கம்.

"பொலிஸுக்குச் சொல்லலையா?"

"போன் பண்ணினேன். எலிக்குப் பூசுற மருந்தா, எலிக்கு வைக்கிற மருந்தான்டு கேட்டாங்க. ரெண்டு தரம் விளங்கப்படுத்தினேன். மூணாவது தரம் வேற ஒருத்தர் போனை எடுத்துச் சிரிச்சார்."

"நாலு மணிக்குப் பூசலைன்னா என்ன ஆகும்?"

"முழுக்கப் பாழ். திரும்ப இருபத்துநாலு எலி எடுத்து, திரும்ப இருபத்துநாலு புண் போடணும். அதுக்கு அனுமதி தரமாட்டாங்க. தந்தாலும்…" றிஸானா கூடுகளின் பக்கம் பார்த்தாள். "தந்தாலும் எனக்கு இன்னொரு தரம் செய்ய மனசு வராது."

சுவர்க் கடிகாரம் பத்தே முக்காலைக் காட்டியது.

சஞ்சீவனி அலுமாரியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கவில்லை. நேராக முஹைதீனிடம் வந்தாள்.

"நானா, வாய்ப்புண் மருந்தை எவன் திருடுவான்?"

"வாயில புண் ஈக்கிறவன்."

"வாயத் தொறங்கன்னு கேட்டா தொறப்பாங்களா?"

முஹைதீன் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனார். பத்து நிமிடத்தில் ஒரு பை நிறைய அன்னாசித் துண்டுகளோடு திரும்பினார். ஒவ்வொரு துண்டின் மேலும் உப்பும் மிளகாய்த்தூளும் சிவக்கச் சிவக்கத் தூவியிருந்தது.

"புண்ணுள்ள வாய்க்கு இதைவிட நல்ல பொலிஸ் இல்ல மிஸ்."

றிஸானா மூன்று துண்டு தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

அடுத்தது ராஜலிங்கம். அறுபது வயது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பதினொரு வருடமாக இங்கே கூடு கழுவி, தீனி வைத்து வருபவர். ஒவ்வொரு எலிக்கும் அவர் தோட்டத்துப் பதவிப் பெயர் ஒன்றை வைத்திருந்தார். சுறுசுறுப்பானது கங்காணி. எப்போதும் சுவரைப் பார்த்திருப்பது கணக்கப்பிள்ளை. எல்லாவற்றிலும் கொழுத்துத் தனிக்கூட்டில் சாய்ந்திருப்பது தொரை. அவர் ஒரு துண்டை வாங்கி, தலையை வலப்பக்கம் சாய்த்து, பதற்றமில்லாமல் மென்று விழுங்கினார்.

"காரம் பத்தல," என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

அரூஸ் இருபத்தேழு வயதுக்காரன். அன்னாசியைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினான்.

"எனக்கு வேணாம்."

"ஒரு துண்டு," என்றார் முஹைதீன்.

"வேணாம்ன்டு செல்றேனே."

முஹைதீன் சஞ்சீவனியைப் பார்த்தார். கேஸ் முடிந்தது என்ற பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

"தம்பி, கொஞ்சம் வாயத் திறங்க."

அரூஸ் மறுக்கவில்லை. கடவாய் தெரியத் திறந்தான். முஹைதீன் கைப்பேசி வெளிச்சத்தை அடித்து மேலும் கீழும் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அரூஸ் வாயை மூடிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து வயிற்றெரிவு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"கேஸ்ட்ரிக். அன்னாசி சாப்பிட்டா ரெண்டு நாளைக்கு நெஞ்சு எரியும்."

"வாய் பளிங்கு மாதிரி ஈக்கி மிஸ்," என்றார் முஹைதீன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "இந்த வாயை வச்சிட்டு இவர் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பாரான்டே சந்தேகம்."

மிச்சத் துண்டுகளை அவர் பையோடு சுருட்டி வைத்துக்கொண்டார்.

சஞ்சீவனி குப்பைக்குப் போனாள்.

குப்பை என்றாலும் அது றிஸானாவின் குப்பை. ஒவ்வொரு முறை பூசிய பிறகும், பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளை நாளும் நேரமும் எழுதிய பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும் என்பது அவளது கட்டளை. சிவப்புப் போத்தலுக்குச் சிவப்புக் கோடு போட்ட குச்சி. நீலத்துக்கு நீலக் கோடு. ஒரு எலிக்கு ஒரு குச்சி.

பைகளை அவிழ்த்துப் பழைய பத்திரிகை ஒன்றின் மேல் கொட்டி எண்ணினாள். சனிக்கிழமை காலை: பன்னிரண்டு சிவப்பு, பன்னிரண்டு நீலம். சனி பின்னேரமும் அதே. ஞாயிறு காலைப் பையை எண்ணி முடித்தவள் மறுபடி எண்ணினாள்.

"பதின்மூணு."

"எது?"

"ரெண்டும். சிவப்பு பதின்மூணு, நீலம் பதின்மூணு."

ஞாயிறு பின்னேரம், திங்கள், செவ்வாய், இன்று காலை வரைக்கும் எல்லாப் பையிலும் அதே கணக்கு. பதின்மூன்று, பதின்மூன்று.

முஹைதீன் தாடியைச் சொறிந்தார். "அப்ப இருபத்தஞ்சாவது எலி ஒண்டு எங்கயோ ஈக்கி."

"அந்த எலிக்கு மட்டும் ரெண்டு குச்சி. சிவப்பும் பூசியிருக்கு, நீலமும் பூசியிருக்கு."

"ரெண்டு கன்னத்துலயும் புண்ணுள்ள எலி."

"சாவி வச்சிருக்கிற எலி," என்றாள் சஞ்சீவனி.

அவள் முகம் திடீரென்று மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே றிஸானா நடக்கும் சத்தம் கேட்டது.

"நானா, இதை டொக்டர்கிட்ட சொல்லக்கூடாது."

"ஏன்?"

"யோசிங்க. ஒருத்தன் ரெண்டு மருந்தையும் தன் வாயில பூசிப் பார்த்திருக்கான். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். மூணு நாள் பார்த்துட்டு சிவப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டான். எதைத் தூக்குவான்?"

"வேலை செஞ்சதை."

"அப்ப சிவப்புதான் மருந்து. டொக்டருக்குத் தெரியக்கூடாதது அது ஒண்ணுதான். நாம விசாரிச்சதைச் சொன்னா அவங்க ஆய்வு அந்த இடத்துலயே முடிஞ்சிடும்."

முஹைதீன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் விளங்கின மாதிரி செல்றேன், பிழைன்டா திருத்துங்க. நாங்க கேஸைக் கண்டுபிடிக்காட்டி டொக்டர்ட ஆய்வு கெட்டுப்போகும். கண்டுபிடிச்சாலும் கெட்டுப்போகும்."

"கண்டுபிடிச்சிட்டு வாயை மூடிக்கிட்டா கெடாது."

"அப்ப என்னைய ஏன் மிஸ் கூட்டிட்டு வந்தீங்க?"

சஞ்சீவனி ஞாயிறு காலைப் பையிலிருந்த நீலக் குச்சி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சில் மிக மெல்லிய ரோஸ் நிறத் தூள் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமைப் பையிலும் ஒரு நீலக் குச்சியில் அதே தூள் கொஞ்சமாக இருந்தது. சிவப்புக் குச்சிகளில் அது இல்லை. அதைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவில்லை. தூள் என்னவென்பதுதான் அவளுக்கு முக்கியமாகப் பட்டது.

"காப்புறுதியில இருந்தப்ப ஒரு ஆள் வந்தார். பஸ் குலுக்கினதுல பல்செட் விழுந்து உடைஞ்சதுன்னு ஒரே வருஷத்துல மூணு விண்ணப்பம். மூணு உடைஞ்ச செட்டையும் மேசையில வச்சுக்கிட்டு நான் ஒரு மாசம் பார்த்துக்கிட்டு இருந்தேன். பல்லு முரசு மாதிரி செய்யிற அந்த ரோஸ் பிளாஸ்டிக்கை எங்க பார்த்தாலும் தெரியும். இது அதை அரத்தால ராவின தூள்."

"அரூஸ்ட வாயில எல்லாம் சொந்தப் பல்லு, நான் பார்த்தேன். டொக்டர் அன்னாசியைக் கடிச்ச கடியும் சொந்தக் கடி." முஹைதீன் நிறுத்தினார். "ராஜலிங்கம் அண்ணன் காரம் பத்தலன்டு சொன்னாரே."

"ஒரு பக்கமாத்தான் மென்னார்."

நேரம் பன்னிரண்டு. ஆட்டோ பாலத்தடிக்கு இறங்கியது.

கட்டுகஸ்தோட்டையில் பல் கட்டுபவர் பளீல். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் அவரது கடை. முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இருபது முப்பது பல்செட்டுகள் வரிசையாக வாயைத் திறந்தபடி இருந்தன.

"எல்லாரும் சிரிக்கிறாங்க மிஸ்," என்றார் முஹைதீன். "நாங்க இன்னும் ஒண்டும் செல்லல்லயே."

பளீல் அவர்களை வாடிக்கையாளர் என்று நினைத்து முஹைதீனின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்ன பிறகும் அந்தத் தாடையை விட அவருக்கு மனமில்லை.

"ராஜலிங்கமா? ஓ, எலி பார்க்குற மனுசன். மூணு கிழமைக்கு முந்தி மேல் செட் கட்டிக் குடுத்தேன். மகள்ட கலியாணம் வருதாம், போட்டோவுல சிரிக்கணுமாம். ரெண்டு பக்கமும் உரசுதுன்டு போன வெள்ளிக்கிழமை வந்தார். வலப்பக்கத்தை நல்லா ராவிக் குடுத்தேன். இடப்பக்கத்தைக் கையில எடுக்கக்குள்ள பள்ளியில பாங்கு சொல்லிட்டாங்க. ஜும்ஆத் தொழுகை. இருங்க, தொழுதிட்டு வாரேன்டு போனேன். வந்து பார்த்தா ஆளும் இல்ல, பல்லும் இல்ல. பஸ் வந்திருக்கும்." முஹைதீனைப் பார்த்தார். "உங்களுக்குக் கீழ் வரிசையில ரெண்டு ஆடுது."

"அது அப்படியே ஆடட்டும்," என்றார் முஹைதீன்.

சஞ்சீவனி ராஜலிங்கத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தாள். பாலத்தில் லொறி ஒன்று பழுதாகி நின்றது. பத்து நிமிட வழிக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. முஹைதீன் லொறிக்காரனுக்கு மூன்று மொழியில் அறிவுரை சொன்னார்.

இரண்டு மணிக்கு ராஜலிங்கம் தீனி அறையில் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். அதே சாய்ந்த தலை. அதே வலப்பக்கம்.

சஞ்சீவனி எதிரே ஒரு மூட்டையில் உட்கார்ந்தாள். முஹைதீன் நின்றார்.

"அண்ணே, இடப்பக்கம் இன்னும் வலிக்குதா?"

ராஜலிங்கத்தின் கை பாதி வழியில் நின்றது. அவர் ஓடவில்லை, மறுக்கவுமில்லை. சாப்பாட்டுப் பெட்டியில் பருப்பையும் சோற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார். அடியில் பொலித்தீன் சுற்றிய சிவப்பு மூடிப் போத்தல் இருந்தது.

"எடுத்தது நாந்தான் மிஸ். டொக்டர்கிட்ட நானே சொல்லலாம்னு இருந்தேன். நாலு மணி தாண்டட்டும்னு பாத்தேன்."

"இது உங்க வாய்க்கு நல்லா வேலை செஞ்சிச்சுன்னு எடுத்தீங்க."

"இல்ல மிஸ். இது வேல செய்யல."

சஞ்சீவனி அவரையே பார்த்தாள். முஹைதீன் மெதுவாக மூன்றாவது மூட்டையில் உட்கார்ந்தார்.

"பல்லு கட்டுனதுல ரெண்டு பக்கமும் புண்ணு. டொக்டர்கிட்ட கேக்க வெக்கம். எலிக்குப் பூசுறதத்தான தெனமும் பாக்குறேன். இடப்பக்கம் செவப்பு, வலப்பக்கம் நீலம்னு பூசிப் பாத்தேன். ஒரு தடவைக்கு ஒரு புதுக் குச்சிதான். ஒருக்கா வாயில வெச்ச குச்சியத் திருப்பிப் போத்தல்ல விடல, டொக்டர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. மூணே நாளுல வலப்பக்கம் ஆறிப்போச்சு. இடப்பக்கம் இன்னைக்கும் பச்சப் புண்ணு. நீலந்தான் மருந்து மிஸ். செவப்பு வெறும் பசை."

"வேலை செய்யாததை எதுக்கு அண்ணே திருடுறீங்க?" என்றார் முஹைதீன். "முப்பது வருஷம் ரோட்டுல ஈந்தேன். இப்படி ஒரு கள்ளனை நான் கண்டதில்ல."

ராஜலிங்கம் சோற்றுப் பெட்டியை மூடினார்.

"பத்து நாள் முடிஞ்சா மறுநாள் அதுகளுக்கு ஊசி. சட்டம் அப்படி, வெளிய விட முடியாது. அது எனக்குத் தெரியும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பன்னெண்டு எலி வாய் ஆறி நிம்மதியாத் திங்கும், பன்னெண்டு எலி சாகுற நாள் வரைக்கும் புண்ணு வாயோட கெடக்கும். செவப்புப் பூசுற தொரை நேத்து தீனிய மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. செவப்பு இல்லாமப் போனா எல்லாத்துக்கும் நீலத்தப் பூசுவாங்கன்னு நெனச்சேன். இருக்கப்போறது அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாளாவது வலிக்காமத் திங்கட்டும்."

சுவருக்கு அப்பால் எலிகள் எதையோ கொறித்துக்கொண்டிருந்தன.

சஞ்சீவனிக்குத் தன் கணக்கு தலைகீழானதை விட, இந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"அண்ணே, எல்லாத்துக்கும் நீலம் பூசமாட்டாங்க. ஒண்ணுக்கும் பூசமாட்டாங்க. ஆய்வையே நிறுத்திடுவாங்க. இந்த இருபத்துநாலும் சும்மா செத்ததா ஆயிடும். பிறகு டொக்டரோ வேற யாரோ திரும்பவும் முதல்லேருந்து தொடங்குவாங்க. இன்னும் இருபத்துநாலு எலி. இன்னும் இருபத்துநாலு புண்."

ராஜலிங்கம் விரல்களைப் பார்த்தபடி இருந்தார். எண்ணுகிறார் போலிருந்தது. பிறகு போத்தலை எடுத்து வேட்டித் தலைப்பில் நன்றாகத் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"ஆனா டொக்டர்கிட்ட உண்மையச் சொல்லிடுவேன். பதினொரு வருஷமா அவங்க சோறு தின்னிருக்கேன்."

"அஞ்சு நாள் கழிச்சுச் சொல்லுங்க. இப்ப சொன்னா—"

அவர் அதற்குள் எழுந்து நடந்துவிட்டார். நல்ல மனிதர்களை நிறுத்துவது கள்ளர்களை நிறுத்துவதைவிடக் கஷ்டம். நடைபாதையில் றிஸானா எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"டொக்டர், அதை எடுத்தது நாந்தான். ஏன்னா அந்த நீல—"

முஹைதீன் பாய்ந்தார். கையில் வேறெதுவும் இல்லை. காலையில் சுருட்டி வைத்த பையிலிருந்து ஒரு அன்னாசித் துண்டை எடுத்து ராஜலிங்கத்தின் வாயில் திணித்தார். அவசரத்தில் அது இடப்பக்கம் போய்விட்டது.

ராஜலிங்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"மன்னிச்சிருங்க அண்ணே," என்றார் முஹைதீன். "விஞ்ஞானத்துக்காக."

றிஸானா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி. சஞ்சீவனியின் கையில் போத்தலையும், ராஜலிங்கம் கன்னத்தைப் பிடித்திருந்ததையும் கண்ட அந்தக் கணமே இரண்டு கைகளாலும் காதுகளை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாதீங்க."

"யாருன்னு நீங்களே பார்த்துட்டீங்க," என்று சஞ்சீவனி உரக்கச் சொன்னாள். "ஏன்னு உறையைத் திறந்த பிறகு சொல்றேன்."

"என்ன?"

"உறையைத் திறந்த பிறகு."

"கேக்கல்ல. கேக்கவும் வேணாம்." றிஸானா முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அரூஸ் முதல் எலியின் கன்னத்தில் சிவப்புக் குச்சியை வைத்தான்.

மிச்சம் இருந்தது ராஜலிங்கத்தின் வாய். லீவு எடுத்துக்கொண்டு ஹேவாஹெட்டவுக்குப் போகச் சொன்னால், எலிகளை விட்டுப் போகமாட்டேன் என்றார். பேசாமல் இருப்பேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தார். செய்து முடித்த அடுத்த நிமிடமே அரூஸைப் பார்த்து, "தம்பி, அந்தச் செவப்ப—" என்று ஆரம்பித்தார். கடைசியில் முஹைதீன்தான் வழி சொன்னார்.

"பல்லைக் கழட்டி வையுங்க அண்ணே. அப்ப நீங்க பேசினாலும் ஒருத்தருக்கும் விளங்காது."

பல்செட் ஐந்து நாள் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கிடந்தது. ராஜலிங்கம் கஞ்சி குடித்தார். முஹைதீன் வீட்டில், சிவப்பு, நீலம் என்ற இரண்டு சொற்களையும் தவிர்த்துப் பேசப்போய், மகளுக்கு வாங்க வேண்டிய துணியின் நிறத்தைக் கையால் காட்ட வேண்டியதாயிற்று. சஞ்சீவனி மட்டும் உள்ளூரப் பெருமையோடு இருந்தாள். டொக்டருக்கே தெரியாத விடை தனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பின்னேரம் எல்லோரும் றிஸானாவின் அறையில் கூடினார்கள். கடைசி அளவு எடுத்தாயிற்று. அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"சிவப்புப் பன்னெண்டும் எட்டாம் நாளே முழுசா ஆறிட்டு. நீலத்துல இன்டைக்கும் பாதிப் புண் திறந்துதான் ஈக்கி."

சஞ்சீவனி தவறாகக் கேட்டுவிட்டது போல் நிமிர்ந்தாள். றிஸானா உறையைக் கிழித்துச் சின்னக் கடுதாசியை விரித்தாள்.

"சிவப்பு மூடி, மருந்து. நீல மூடி, வெறும் பசை." முதன்முறையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "இனிச் சொல்லுங்க மிஸ். என்ன நடந்தது?"

சஞ்சீவனி கடுதாசியை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள். ஞாயிறு காலைப் பையிலிருந்த அந்த நீலக் குச்சி இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தூள் நீலத்தில் மட்டும் இருந்தது. நீலம் வலப்பக்கம். பளீல் ராவியது வலப்பக்கம். ஆறியது மருந்தால் அல்ல, அரத்தால். இடப்பக்கத்தில் நல்ல மருந்தைப் பூசப் பூச, ராவாத பல்செட் திரும்பத் திரும்ப உரசிக் கிழித்திருக்கிறது.

நடந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், தன் பிழையும் சேர்த்து. பளீல் சொன்னபோது பெயரை மட்டும் குறித்துக்கொண்டதையும் சொன்னாள்.

"ஜும்ஆ ஒரு பத்து நிமிஷம் பிந்தியிருந்தா இந்தக் கேஸே வந்திருக்காது," என்றார் முஹைதீன்.

றிஸானா அன்றைய குறிப்பில் போத்தல் ஆறு மணித்தியாலம் காணாமற்போனதை உள்ளபடி எழுதிக் கையொப்பமிட்டாள். ராஜலிங்கத்திடம் கையை நீட்டினாள். அவர் அலுமாரிச் சாவியை அதில் வைத்தார்.

"ஒரு வாயில பார்த்தாப் பத்தாது அண்ணே. உங்க வாயில பல்செட் ஈந்த மாதிரி, ஒவ்வொரு வாயிலயும் எங்களுக்குத் தெரியாத ஏதாவது ஈக்கும். அதுக்குத்தான் இருபத்துநாலு. வேலையில இருங்க. சாவி மட்டும் இனி என்கிட்டயும் அரூஸ்கிட்டயும்தான்."

ராஜலிங்கம் அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. பல்லில்லாத வாய் ஒட்டிப்போயிருந்தது.

"தொரைக்குக் கெடச்ச நல்ல மருந்தயா நான் புடுங்கப் பாத்தேன்," என்றார். சொற்கள் குழறினாலும் எல்லோருக்கும் விளங்கியது. பிறகு, "அளவெல்லாம் முடிஞ்சிருச்சா டொக்டர்?"

"முடிஞ்சிட்டு."

"இனி எது பூசினாலும் கணக்குல வராதா?"

"வராது."

"அப்ப அந்த நீலப் பன்னெண்டு…" அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊசி என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரூஸ் சொல்லத் தொடங்கினான். ஒரு தடவை பூசினால் ஒன்றும் ஆறாது, பதினேழு மணித்தியாலத்தில் ஒரு புண்ணும் மூடாது. றிஸானா அவனைப் பார்த்தாள். அவன் எழுந்து போய்ச் சிவப்பு மூடிப் போத்தலையும் பன்னிரண்டு குச்சிகளையும் கொண்டுவந்து வைத்தான்.

எலி அறையில் ராஜலிங்கம் நீலப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பிடித்துக் கொடுத்தார். றிஸானா கன்னத்தை ஒதுக்கிப் பூசினாள். முஹைதீன் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டாவது எலி குச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. றிஸானா இழுக்கவில்லை. அதுவாக விடும்வரை குச்சியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.